வீட்டுப் படிப்பும் தலைவிதியும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று பரீட்சையில் தவறிவிட்டால் நம் நாட்டுப் பெற்றோர்களிடம் அதற்கு ஒரு சமாதானம் எப்பொழுதும் தயாராய் இருக்கின்றது. "அவன் தலையில் படிப்பு எழுதவில்லை" என்பதே அது. அடுத்த வீட்டுப் பிள்ளை தேறிவிட்டாலோ, "அவன் தலையில் எழுதியிருக்கிறது" என்று அதே சமாதானத்தைத் திருப்பிப் போட்டுக் கொள்ளுகிறார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே உபாத்தியாயரிடத்தில், ஒரே புஸ்தகத்தைத்தான் படித்தார்கள். ஆனால் மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை உள்ள 16 மணி நேரத்தில் அந்த இரண்டு வீடுகளிலும் என்ன நடந்தது என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. தலையெழுத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. வீட்டில் நடப்பதையோ யாரும் பார்க்கலாம். காணக் கூடியதை விட்டுவிட்டுக் காணாததின் மேல் பழியைப் போடுவது எவ்விதத்தில் அறிவுடைமையாகும் என்பது நமக்கு விளங்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பழக்கமானது பிறவியிலே வருவதல்ல, ஜாதியிலே வருவதுமல்ல, சரஸ்வதி பூஜையன்று புஸ்தகத்தை அடுக்கிப் பொட்டு வைப்பதால் வருவதுமல்ல. அது வீட்டார் நாள்தோறும் செய்து கொடுக்க வேண்டிய ஒரு காரியம். அதைச் செய்வதற்குத் தாய் தகப்பன்மார் படித்தவர்களாய் இருக்க வேண்டும் என்கிற அவசியமும் இல்லை. இவ்வியாசத்தில் நாம் சொல்ல வந்த சங்கதி இதுதான்.

வாதவூர்க் குதிரைகள்

மதுரை ஜில்லா மேலூர் தாலுகாவிலுள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று சொல்லப்படுவதை வாசகர்கள் அறிவார்கள். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை அவர் திருப்பெருந்துறையில் கோயில் காரியத்துக்குச் செலவிட்டுவிட்டார் என்றும், தவணை வந்ததும் சிவனானவர் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டி வந்து அரசனிடம் ஒப்புவித்தார் என்றும், அன்று இராத்திரியே அவைகளெல்லாம் மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப் போயின என்றும் திருவிளையாடல் கதை சொல்லுகிறது. இது நடந்ததா, நடக்கக் கூடியதா என்கிற விவகாரத்துக்கு இன்று நாம் வரவில்லை. கதையை நம்புகிறவர்களுக்கே அதில் ஒரு புத்தி இருக்கின்றது. என்னவென்றால், அற்புதத்தால் வந்த குதிரை ஒரு இராத்திரிகூட லாயத்தில் நிற்கவில்லை என்று பக்தர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் நடக்கும் படிப்பும் பெரும்பாலும் இந்த நரிக் குதிரைப் படிப்பாகவே இருந்து வருகின்றது. வருஷமெல்லாம் புஸ்தகத்தைத் தொடாத பிள்ளையைப் பரீட்சைக்கு முந்தின நாள் இராத்திரி முழுவதும் காப்பி கொடுத்து விழிக்க வைத்து உருப்போடச் சொல்லுகிறோம். விடிந்ததும் திருநீறு பூசி, பேனாவைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்து அனுப்புகிறோம். பத்து மணிக்குக் குதிரையாக உள்ளே போனது பகல் சாப்பாட்டுக்குள் நரியாக வெளியே வருகிறது. பிறகு தலையெழுத்தைத் திட்டுகிறோம்.

இதற்குக் காரணம் தலையெழுத்து அல்ல என்று விஷயம் தெரிந்தவர்கள் வெகு காலத்துக்கு முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மன் தேசத்து எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்து போகிறது என்று கணக்கெடுத்து 1885ல் புஸ்தகமாய் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே மறதி மிக வேகமாய் வேலை செய்கிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைக் காட்டிலும் நாள் விட்டு நாள் திரும்பப் படிப்பதே நிலைக்கிறது என்பதும் அவர் கண்ட முடிவு. 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்கிற இருவர் மாணாக்கர்களை வைத்து வேறொரு சோதனை செய்தார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றொரு சாரார் ஒரு தடவை வாசித்தபின் புஸ்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டதில் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டதிலோ மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

ஆகவே பிள்ளைக்கு வேண்டியது நாள்தோறும் கொஞ்ச நேரம்; அந்தக் கொஞ்ச நேரத்திலும் புஸ்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது. இவ்வளவுதான். இதற்குப் பணமும் வேண்டாம், வரமும் வேண்டாம்.

எந்த வீட்டில் படிப்பது?

நிற்க, "வீட்டிலே கற்றுக் கொள்ளட்டும்" என்று சொல்லி நம் மக்களை ஒரு தடவை ஏமாற்றப் பார்த்த கதையை நாம் மறந்துவிடக் கூடாது. 1953ல் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபையார் கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். அதன்படி பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நாளொன்றுக்கு 3 மணி நேரமே படிப்பு. மீதி நேரத்தில் வீட்டிலிருந்து தகப்பன் தொழிலைக் கற்றுக் கொள்ள வேண்டும். அதாவது, வெளுக்கிறவர் பிள்ளை வெளுக்கவும், சிரைக்கிறவர் பிள்ளை சிரைக்கவும், மாடு மேய்க்கிறவர் பிள்ளை மாடு மேய்க்கவும் கற்றுக் கொள்ளட்டும் என்பதாகும். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குச் சரியான பெயர் வைத்து நாடெங்கும் கிளர்ச்சி நடந்ததின் பேரில், 1954ல் ராஜகோபாலாச்சாரியார் பதவியை விட்டார். காமராஜர் முதன்மந்திரியாக வந்து அத்திட்டத்தைக் கைவிட்டார்.

அந்தத் திட்டம் செத்துப் போயிற்று. ஆனால் அதன் குணம் வீட்டுப்பாடம் என்னும் பெயரால் கொல்லைப்புறமாய் நுழைந்து கொண்டிருக்கிறது என்பதே நமது ஆக்ஷேபணை. எப்படியெனில், வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு வீடும் ஒரு பள்ளிக்கூடம். தனி அறை, மேஜை, விளக்கு, இங்கிலீஷ் தெரிந்த தாயார், அதற்கு மேல் டியூஷன் வாத்தியார். திருவாதவூரிலிருந்து விடியற்காலம் பஸ் ஏறி மதுரைக்குக் கட்டட வேலைக்குப் போய் இருட்டின பிறகு திரும்பி வருகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரே அறைதான் வீடு. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே டெலிவிஷன். இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வீட்டுப்பாடத்தைக் கொடுத்து, மறுநாள் காலையில் நோட்டைத் திருத்தி மார்க்குப் போட்டால், அந்த மார்க்கு பிள்ளைக்கா, வீட்டுக்கா என்று கேட்கிறோம். கலர் அட்டை வாங்கி, படம் ஒட்டி, கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொண்டு வா என்று சொல்லும் பாடம், தகப்பன் சட்டைப்பையைப் பரீட்சை செய்கிறதே தவிர பிள்ளையின் அறிவைப் பரீட்சை செய்யவில்லை.

சர்க்காரும் நீதிமன்றமும் இதைக் கொஞ்சம் உணராமலில்லை. 2018ல் சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதி கிருபாகரன், மத்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். 2020ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையில் அதற்கு மேல் வகுப்புகளுக்கும் அளவு சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாம் வகுப்பு வரையில் வீட்டுப்பாடம் கிடையாது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு 2 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு 1 மணி நேரம். ஒன்பதுக்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம். பிரெஞ்சு தேசத்திலோ 1956லேயே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் கூப்பர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்து 2006ல் எழுதினதும் இதற்கு ஒத்தே இருக்கிறது. பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் நல்ல சம்பந்தம் தெரிகிறது. சின்ன வகுப்புகளில் அவ்வளவு தெரியவில்லை என்பதே அவர்கள் கண்டது.

ஆகையால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று மணி நேரம் எழுதிக் கொண்டிருந்தால் அது படிப்பு என்று பெருமைப்பட வேண்டாம். "இவ்வளவு எதற்கு?" என்று பள்ளிக்கூடத்துக்குப் போய் மரியாதையாய்க் கேளுங்கள். வாத்தியாரைக் கேட்கக் கூடாது என்பது சாஸ்திரமல்ல. கேட்கிற பெற்றோர் இருக்கிற ஊரில்தான் பள்ளிக்கூடமும் ஒழுங்காய் நடக்கும்.

எழுத்தறியாத வீடு செய்யக் கூடியது

"எல்லாம் சரி, எனக்கோ கையெழுத்துப் போடத் தெரியாது, நான் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" என்று கேட்கிறவர்கள் அனேகர். அவர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், உங்களைச் சொல்லிக் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. சொல்லிக் கொடுப்பது சம்பளம் வாங்குகிற உபாத்தியாயரின் வேலை. உங்கள் வேலை வேறு.

முதலாவது நேரம். மாடு ஒரு வேளை தவறினால் கத்துகிறது. பயிர் ஒரு தண்ணீர் தவறினால் வாடுகிறது. இதைத் தெரிந்த சம்சாரிக்குப் பழக்கம் என்றால் என்னவென்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரம் ஓடி விளையாடிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் புஸ்தகத்தை எடுக்கட்டும். தினமும் அதே நேரம், அதே இடம். ஒரு மாதம் இப்படி நடந்தால் பிறகு அதட்டல் வேண்டியதில்லை. நேரம் வந்ததும் பிள்ளையின் கால் தானாக அந்த இடத்துக்குப் போகும்.

இரண்டாவது இடம். மேஜையும் நாற்காலியும் இல்லாவிட்டால் குற்றமில்லை. திண்ணையில் ஒரு பாய், கண் கூசாத விளக்கு, புஸ்தகம் வைக்க ஒரு பெட்டி போதும். ஆனால் அந்த நேரத்தில் டெலிவிஷனை நிறுத்த வேண்டும். இதுதான் நம் வீடுகளில் கஷ்டமான காரியம். தான் சீரியல் பார்த்துக் கொண்டு பிள்ளையைப் படி என்று சொல்லுவதும், தான் செல்போனைத் தடவிக் கொண்டு பிள்ளை கையில் இருப்பதைப் பிடுங்குவதும், குடித்துவிட்டு வந்து பிள்ளைக்கு ஒழுக்கம் போதிப்பதும் ஒரே மாதிரியான யோக்கியதை உடைய காரியங்களாகும். பிள்ளை நம் வாயைப் பார்த்துக் கற்றுக் கொள்ளுவதில்லை. நம் கையைப் பார்த்தே கற்றுக் கொள்ளுகிறது.

மூன்றாவது, கேட்பது. பாடம் முடிந்ததும் புஸ்தகத்தை மூடச் சொல்லி, "இன்னைக்கு வாத்தியார் என்ன சொல்லிக் குடுத்தாரு? ஆத்தாளுக்குப் புரியிற மாதிரிச் சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். இதற்கு எழுத்தறிவு வேண்டுமா? ரோடிகரும் கார்ப்பிக்கும் சோதனைச்சாலையில் கண்ட முறை இதுவேதான். மழை எப்படிப் பெய்கிறது என்று பிள்ளை சொல்லி முடித்ததும், "அப்படின்னா நம்ம கண்மாய் ஏன் சித்திரையிலே வத்துது?" என்று தகப்பன் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அந்தக் கேள்விக்குச் சமமான கேள்வி எந்த கைடு புஸ்தகத்திலும் கிடைக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, நாளைக்கு வாத்தியாரைக் கேட்டு வந்து சொல் என்று அனுப்பினால் பிள்ளைக்கு அறிவும் வளரும், கேட்கிற தைரியமும் வளரும்.

நான்காவது, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது. இது நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை காலத்து வழக்கம். 1789ல் சென்னை இராணுவ அனாதைப் பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பேற்ற பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு, தம் பள்ளிக்கூடத்திலும் அதைச் செய்து, பெரிய பையனைக் கொண்டு சின்னப் பையனுக்குச் சொல்லித் தரச் செய்து பார்த்து, 1797ல் லண்டனில் அதைப் பற்றிப் புஸ்தகம் போட்டார். இங்கிலாந்திலே அது "மதராஸ் முறை" என்கிற பெயரால் பரவிற்று. அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் எல்லா ஜாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டவையல்ல; கோதண்டம் போட்டுத் தொங்கவிட்ட கொடுமையும் அங்கே உண்டு. அவைகளை விட்டுவிட்டு நல்லதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுவதில் தோஷமில்லை. தம்பிக்குச் சொல்லித் தருகிற அக்காளுக்கே அந்தப் பாடம் அதிகமாய் நிற்கும்.

ஐந்தாவது தூக்கம். பள்ளிக்கூடத்துச் சிறு பிள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாமலும், பெரிய பிள்ளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் தூக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். இராத்திரி 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்து படிக்கிற பிள்ளையைக் கண்டு மெச்சுகிறவர்கள், அது வகுப்பில் தூங்கி விழுவதையும் போய்ப் பார்த்துவிட்டு மெச்சட்டும்.

செய்யக் கூடாதவை

பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தாயாரோ தகப்பனாரோ எழுதிக் கொடுப்பது முதல் குற்றம். மதுரையில் வந்திக் கிழவியின் பங்குக்கு வேறொரு ஆள் பிட்டு வாங்கித் தின்றுவிட்டு மண் சுமக்க வந்தான் என்று கதை சொல்லுகிறார்களே, அக்கதையிலும் அந்தக் கூலியாள் தூங்கினான், அவன் பங்குக் கரை அடைபடாமல் கிடந்ததால் பிரம்படி வாங்கினான். ஒருவர் பங்கு மண்ணை இன்னொருவர் சுமந்தால் கரை உயராது. தப்பும் தவறுமாய்ப் பிள்ளையே எழுதிக் கொண்டு போனால்தான் அதற்கு எது தெரியவில்லை என்று உபாத்தியாயருக்குத் தெரியும்.

இரண்டாவது குற்றம் அடி. "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று ஒரு பழமொழியைக் கையில் வைத்துக் கொண்டிருக்கிறார்கள். 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனதை நோகச் செய்வதையும் தடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் குற்றமானது வீட்டில் அன்பாக மாறிவிடுமா? புஸ்தகத்தைக் கண்டால் முதுகு கூசுகிற பிள்ளைக்குப் படிப்பின் மேல் ஆசை எங்கிருந்து வரும்? படிப்பென்றால் உதை என்று கற்றுக் கொடுத்துவிட்டு, படிக்க மாட்டேன் என்கிறானே என்று அழுவதில் பிரயோஜனமில்லை.

மூன்றாவது குற்றம் எல்லாவற்றிலும் பெரியது. ஒரே வீட்டில் ஒரே வகுப்பில் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் படிப்பார்கள். "தம்பி படிக்கிறான், சத்தம் போடாதே" என்று ஊருக்கெல்லாம் வாய்ப்பூட்டுப் போடுகிற தாயார், அதே வேளையில் மகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் எடுக்கவும், பாத்திரம் தேய்க்கவும், கைக்குழந்தையை வைத்துக் கொள்ளவும் சொல்லுவாள். இராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தோடு நோட்டைத் திறக்கும். பிறகு அதன் மார்க்கைப் பார்த்து, "பொட்டைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடலாம்" என்பார்கள். மூன்று மணி நேர குலக்கல்வித் திட்டத்தை நாம் ஒழித்துவிட்டோம் என்கிறோம். நம் அடுப்படியில் நம் மகளுக்கு அந்தத் திட்டத்தை நாமே நடத்தி வருகிறோமா இல்லையா? பாத்திரம் தேய்க்க ஆண் பிள்ளைக்கும் கை இருக்கிறது. தகப்பனுக்கும் இருக்கிறது. வேலையைப் பங்கு போட்டால் நேரமும் பங்காகும். இதைச் செய்யாத வீட்டில் சமத்துவம் பேசுவது வெறும் மேடைப் பேச்சேயாகும்.

ஊரார் செய்யக் கூடியது

கொரானா நோய்க் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்களில், ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் நம் மாகாணத்தில் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. அத்தனை காலமும் வீடே பள்ளிக்கூடம். செல்போன் உள்ள வீட்டுப் பிள்ளை கொஞ்சம் படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை படித்ததையும் மறந்தது. அதைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு சர்க்கார் "இல்லம் தேடிக் கல்வி" என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அந்தந்தத் தெருவில் உள்ள படித்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அது காட்டின வழி சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதல்ல. வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்குத் தெருவில் ஒரு இடம் இருந்தால் போதும். ஊரில் படிப்பகமோ, சாவடியோ, பள்ளிக்கூடத்துத் தாழ்வாரமோ ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே மாலையில் விளக்குப் போட்டு, எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒன்றாய் உட்கார வைத்து, காலேஜில் படிக்கிற ஒரு பெண்ணோ பையனோ பக்கத்தில் இருந்தால், டியூஷனுக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம், எந்தத் தெரு என்கிற பேதமும் மிச்சமில்லாமல் போகும்.

கடைசியாக ஒன்று. தலையில் எழுத்து இருப்பதை ஒருவரும் கண்டதில்லை என்று முதலில் சொன்னோம். கல்லிலும் ஓட்டிலும் எழுத்து இருப்பதை எவரும் போய்ப் பார்க்கலாம். திருவாதவூரை அடுத்த குன்றில் சமண முனிவர்கள் தங்கின குகையின் பாறையில், 2000 வருஷத்துக்கு முந்தின தமிழ் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. வைகைக் கரையில் கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் ஆதன் என்றும், குவிரன் ஆதன் என்றும் மனிதர் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. பானையின் மேல் பேர் எழுதின அந்த ஜனங்களின் சந்ததியார்தான் பிற்காலத்தில், "எழுத்து நமக்கு ஆகாது" என்று சொல்லச் சொல்லிப் பழக்கப்பட்டார்கள். அந்தப் பழக்கத்தை மாற்ற எத்தனையோ பேர் பாடுபட்டதின் பலனாய், ஒரு குடும்பத்தில் முதன்முதல் பட்டப் படிப்புக்குப் போகும் பிள்ளைக்குச் சம்பளச் சலுகை என்று 2010ல் தமிழ்நாட்டில் ஏற்பாடு வந்தது. அந்தச் சலுகையை வாங்கச் சான்று கேட்கிற பிள்ளைகள் பலருக்குப் பின்னாலும், எழுத்தறியாத ஒரு தாயோ தகப்பனோ மாலையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்கள் பல இருக்கும்.

ஆகவே தோழர்களே! இன்று மாலை விளக்கு வைத்ததும் டெலிவிஷனை நிறுத்துங்கள். மகனையும் மகளையும் ஒரே பாயில் உட்கார வைத்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் அதையே செய்யுங்கள். ஒரு வருஷம் இப்படிச் செய்து பார்த்த பிறகும் தலையெழுத்துத்தான் காரணம் என்று தோன்றினால், அப்பொழுது வந்து நம்மோடு வாதாடலாம்.